ஸ்டீல் கிட்டார் கேட்கிறது, வாசிக்கிற ஆள் எங்கே?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் எந்தக் கிளப்பில் அமெரிக்கக் கண்ட்ரி பாட்டுக்கு 'கண்ட்ரி நைட்' என்று போட்டாலும் போய்விடுகிற ஆள் நான். தொப்பியும் பூட்ஸுமாகப் பாடகர் வருவார், பாட்டு தொடங்கும், இரண்டாவது வரி முடிகிற இடத்தில், படுக்க வைத்து எஃகு உருளையை வழுக்கி வாசிக்கிற ஸ்டீல் கிட்டார் ஓர் இழுப்பு இழுக்கும், ஆகா என்று மேடையைப் பார்த்தால் ஒரு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், ஓரத்தில் ஒரு லேப்டாப். ஸ்டீல் கிட்டாரும் இல்லை, வாசிக்கிற ஆளும் இல்லை. சத்தம் மட்டும் வருகிறது.

இதைப் பற்றி யாரிடமாவது புலம்பினால், "நல்லாத்தானே இருக்கு, உனக்கு என்ன வந்தது?" என்கிறார்கள். நல்லாத்தான் இருக்கிறது. ரெக்கார்டில் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கிறது, அதற்கு நான் வீட்டிலேயே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, எதற்கு டிக்கெட் எடுத்து வருகிறேன்?

டிராக்கில், அதாவது முன்பே பதிவு செய்து லேப்டாப்பில் வைத்திருக்கிற இசையில், ஓடுகிற ஸ்டீலைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். ஸ்டீல் வாசிப்பவரின் முக்கால்வாசி வேலை, பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் புகுந்து சின்னதாக ஒரு பதில் சொல்லிவிட்டு, அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் ஒதுங்கிக்கொள்வது. பாடகர் கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தையை இரண்டு நொடி கூடுதலாக நீட்டினால், உட்கார்ந்து வாசிக்கிறவர் காத்திருப்பார். டிராக் காத்திருக்காது. தன் நேரத்துக்கு வந்து பாடகர் குரல் மேலேயே விழும். அதனாலேயே இப்போது பாடகர்கள் நீட்டுவதையும் விட்டுவிட்டார்கள். காதில் மாட்டின கருவியில் தாளம் தட்டுகிற கிளிக் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு, நேற்றுப் பாடினபடியே இன்றும் பாடிவிட்டுப் போகிறார்கள். இது டர்பன் பையன்கள் மேல் மட்டும் சொல்கிற குறை இல்லை, அமெரிக்காவில் பெரிய பெரிய அரங்கங்களிலேயே டிராக் ஓட்டுவது சகஜமாகிவிட்டது.

சரி, ஒரு மதுரைக்காரனுக்கு இதில் என்ன இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, டர்பன்வாசி ஆகிவிட்டவன் நான். வருவதற்கு முன் கண்ட்ரி பாட்டு என்றால் அமெரிக்காவில் பண்ணைக்காரர்கள் கேட்பது என்றுதான் நினைத்திருந்தேன். டர்பனில் இந்தியர்கள் வாழ்கிற சாட்ஸ்வர்த்தில் மாமனார் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதும் அந்த நினைப்பு போய்விட்டது. வாசலில் பிராய் என்கிற கறி சுடுகிற அடுப்பு புகைகிறது, உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிறது, சாமி படத்துக்குக் கீழே இருக்கிற ஸ்பீக்கரில் அமெரிக்கக் கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடுகிறார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் கூடவே பாடுகிறார்கள், வரி பிசகாமல். தமிழ்ப் பாட்டு தெரியாத சித்தப்பாக்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. ஜிம் ரீவ்ஸ் தெரியாத சித்தப்பா கிடையாது.

ஜிம் ரீவ்ஸுக்குத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மவுசு சாதாரணமானது அல்ல. 1962இல் கிட்டார்காரர் செட் அட்கின்ஸ், பியானோக்காரர் ஃபிளாய்ட் கிரேமர் இருவரோடும் கச்சேரி செய்ய வந்தார். அடுத்து இங்கேயே 'கிம்பர்லி ஜிம்' என்று ஒரு படத்தில் நடித்தார். டச்சு மொழியிலிருந்து இங்கே கிளைத்த ஆஃப்ரிகான்ஸ் மொழியிலேயே பாடிப் பதிவு செய்தார். 1964இல் விமான விபத்தில் இறந்தும் போனார், ஆனால் சாட்ஸ்வர்த்தில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாமா தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஜிம் ரீவ்ஸின் பெரிய பாட்டுகளில் ஸ்டீல் கிட்டாரே கிடையாது. 1950களின் கடைசியில் ராக் அண்ட் ரோல் வந்து கண்ட்ரி வியாபாரத்தைக் கவிழ்த்தபோது, செட் அட்கின்ஸ் மாதிரித் தயாரிப்பாளர்கள் நாட்டுப்புறப் பாணியில் வயலின் வாசிக்கிற ஃபிடிலையும் ஸ்டீலையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, மெல்லிய கோரஸ், பியானோ, வயலின் கூட்டம் என்று பட்டணத்துக்காரர்களும் கேட்கிற மாதிரி ஒரு பாணியைக் கொண்டுவந்தார்கள். கண்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில் பெயரால் 'நாஷ்வில் சவுண்ட்' என்பது அதுதான். ரீவ்ஸின் 1957ஆம் வருடத்து 'ஃபோர் வால்ஸ்', 1959ஆம் வருடத்து 'ஹீல் ஹாவ் டு கோ' இரண்டும் அந்த அச்சில் வார்த்தவை. அதனால் ஸ்டீல் இல்லாத கண்ட்ரி இன்றைக்கு வந்த கேடு என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பழைய ரெக்கார்டுகளைத் தூசு தட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்டீலை உள்ளே கொண்டுவந்தது சார்லி பிரைட். ஃபோர்ட் வொர்த் பாந்தர் ஹாலில் பதிவான அவருடைய மேடை ஆல்பம் மாமாவின் அலமாரியில் இருக்கிறது. கறுப்பினப் பாடகர் ஒருவர் 1960களின் டெக்சஸில் மேடையேறுகிறார், பக்கத்தில் லாயிட் கிரீன் ஸ்டீல் வாசிக்கிறார். பாடகர் ஒரு வரியை விடுவதும் லாயிட் கிரீன் அதைப் பிடித்துக்கொள்வதும், அடடா, அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

கருவியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இஸ்திரி மேசைக்குக் கால் முளைத்து, மேலே தந்தி கட்டி, கீழே பெடல் மாட்டின மாதிரி இருக்கும். பத்துத் தந்தி. வலது கையில் பெருவிரலுக்கு ஒரு பிளாஸ்டிக் நகம், அடுத்த இரண்டு விரலுக்கும் உலோக நகம். இடது கையில் கனமான எஃகு உருளை, அதைத் தந்திகள் மேல் வைத்து நகர்த்தித்தான் சுரம். இடது கால் பெடல்களில், இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டு நெம்புகோல்களில், வலது கால் வால்யூம் பெடலில். ஆக, சும்மா இருக்கிற உறுப்பு தலை ஒன்றுதான், அதுவும் பாடகரைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஹவாய் தீவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெக்குகு என்ற பையன் கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு இரும்பை வைத்துத் தேய்த்ததில் தொடங்கியது இது. நமக்கு அந்த யோசனை புதிதே இல்லை. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கோட்டுவாத்தியத்தில் செய்ததும் அதே வேலைதான்: வீணையில் இருக்கிற மாதிரி விரல் வைக்கிற மெட்டுக் கிடையாது, தந்தி மேல் ஒரு கட்டையை வழுக்கி கமகம் கொண்டுவருவது. அந்த வழுக்கலில் நம் ஆட்கள் போன தூரத்துக்கு நாஷ்வில்காரர்கள் போகவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் உருளையோ கட்டையோ, நகர்த்தினால் எல்லாத் தந்தியும் ஒன்றாகத்தான் நகரும். மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கிறபோது இரண்டை அங்கேயே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் மேலே இழுக்க வேண்டும் என்றால்? அதற்குத்தான் பெடல். அழுத்தினால் உள்ளே இருக்கிற கம்பி, ஒரு குறிப்பிட்ட தந்தியை மட்டும் அரைச் சுரமோ முழுச் சுரமோ இழுத்துவிடும். ஈ9 என்று சொல்கிற வழக்கமான சுருதியில் பெடலைத் தொடாமல் வாசித்தால் ஈ மேஜர் சுரக்கூட்டு, முதல் இரண்டு பெடலையும் சேர்த்து அழுத்தினால் கை நகராமலே ஏ மேஜர். அந்த மாற்றம் நடக்கிறபோது காதில் விழுகிற நெளிவுதான் கண்ட்ரி பாட்டின் அழுகை என்று எல்லோரும் சொல்வது. 1954இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ், ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்திக் காட்டினார். பாட்டு முதலிடத்துக்குப் போனது. அமெரிக்கா முழுக்க ஸ்டீல் வாசிப்பவர்கள் தங்கள் கருவிக்கும் பெடல் வேண்டும் என்று அலையத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டுகளில் டான் ஹெல்ம்ஸ் வாசித்ததெல்லாம் பெடலே இல்லாத ஸ்டீல்தான், அதிலேயே அவ்வளவு கண்ணீர்.

இப்போது ஏன் ஆள் கிடைப்பதில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கருவி புதிதாக வாங்கினால் சில ஆயிரம் டாலர், எங்கள் ஊர்ப் பணமான ராண்டில் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். இரண்டு வரிசைத் தந்தி கொண்ட இரட்டைக் கழுத்துக் கருவி பெட்டியோடு 30 கிலோவை ஒட்டி வரும், அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். சுமாராக வாசிக்கவே வருஷக்கணக்காகும், ஏனென்றால் மெட்டு இல்லாததால் உருளை மயிரிழை தப்பினாலும் அபசுரம், ஒளித்து வைக்க இடமே இல்லை. இதெல்லாம் தாண்டி ஒருவர் வந்தால், கிளப்காரர் கொடுக்கிற தொகையை நாலு பேர் பிரிப்பதா ஐந்து பேர் பிரிப்பதா என்கிற கேள்வி. லேப்டாப் சம்பளம் கேட்பதில்லை, பியர் குடிப்பதில்லை.

ஆனாலும் அமெரிக்காவில் ஸ்டீல் முழுக்கப் போய்விடவில்லை. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டின் ஏஸ் இன் தி ஹோல் பேண்டில் 1975இல் தொடங்கினபோது மைக் டெய்லி ஸ்டீலில் உட்கார்ந்தார், பல பத்தாண்டுகள் எழுந்திருக்கவே இல்லை. டைலர் சில்டர்ஸ் பேண்டில் ஜேம்ஸ் பார்க்கர் வாசிக்கிறார். ஜாக் டாப் என்ற இளைஞர் 2024இல் போட்ட ஆல்பம் 90களின் வானொலி மாதிரி ஃபிடிலும் ஸ்டீலுமாக இருக்கிறது, அதை வாங்குகிற கூட்டமும் இளவட்டம்தான். நாஷ்வில் பிராட்வேயில் போகிற சுற்றுலாக்காரர்களுக்கு என் சிபாரிசு ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்கிற பார். மற்ற கடைகளில் ராக் பாட்டு அலறும், இங்கே பழைய கண்ட்ரி. அந்தக் கட்டடத்திலேயே ஒரு காலத்தில் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் தொடங்கின ஷோ-பட் ஸ்டீல் கிட்டார் கடை இருந்தது என்பது கூடுதல் புண்ணியம்.

நான் கவனித்தவரை ஸ்டீல் பிழைத்திருப்பது இரண்டே இடத்தில். ஜனங்கள் ஜோடி போட்டு ஆடுகிற இடம், ஜனங்கள் ஜெபம் செய்கிற இடம். டெக்சஸ் நடனக் கூடங்களில் மெதுவான ஆட்டத்துக்கு ஸ்டீல் இல்லாமல் முடியாது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஹவுஸ் ஆஃப் காட் சபைகளில் 1930களிலிருந்து ஆராதனைக்கு ஆர்கனுக்குப் பதில் ஸ்டீல்தான், இன்றைய ஸ்டீல் கலைஞர் ராபர்ட் ராண்டால்ஃப் வந்தது அந்த வழியில். கண்ட்ரி என்று பெயர்ப்பலகை மாட்டின இடத்தில் தேடுவதை விட்டுவிட்டு இப்படித் தேடினால் ஆள் கிடைக்கும்.

நம் கண்டத்தையும் விட்டுவிடக் கூடாது. நைஜீரியாவில் கிங் சன்னி அடே, ஜூஜூ என்கிற நைஜீரிய இசை வாசிக்கிற தன் பேண்டில் டெமோலா அடெபோஜுவைப் பெடல் ஸ்டீலில் உட்கார வைத்தார். 1982இல் அவர்களுடைய 'ஜூஜூ மியூசிக்' ஆல்பம் உலகம் சுற்றியது. பால் சைமனின் 'கிரேஸ்லாந்து' தலைப்புப் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் ரே ஃபிரியின் கிட்டார், பகிதி குமாலோவின் பேஸ் என்று எடுத்த தாளத்துக்கு மேலே, தூரத்தில் மிதக்கிற ஸ்டீல் அதே அடெபோஜுதான். எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லாந்து வீட்டுக்குப் போகிற அமெரிக்கப் பாட்டுக்குத் தென்னாப்பிரிக்கத் தாளம், நைஜீரிய ஸ்டீல்.

சரி, டர்பன் இருக்கிற எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு வருகிறேன். மாமாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு உயிரோடு ஒரு ஸ்டீல் கிட்டாரைக் கூட்டிவந்து காட்டுவது என்று முடிவு செய்தேன். இசைக்கருவிக் கடைகளில் கேட்டால் விரலில் மாட்டுகிற கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினார்கள். பேண்டுகளில் கேட்டால், "கீபோர்டில் அந்தச் சத்தம் இருக்கே அண்ணா." இருக்கிறது, கொடுமையாக இருக்கிறது. கடைசியில் வழி காட்டியது ஆம்ப் ரிப்பேர் செய்கிற ஒருவர். யார் என்ன வாசிக்கிறார்கள் என்பது பாடகர்களைவிட ரிப்பேர்காரர்களுக்குத்தான் தெரியும், இதை முதலிலேயே யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு கிழவர் வருவார், வால்யூம் பெடல் கரகரக்கிறது என்று" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஆஃப்ரிகான்ஸ்காரர், ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை சர்ச், மாதத்தில் ஒரு சனிக்கிழமை விவசாயிகள் கூடத்தில் நடனம், இரண்டிலும் வாசிக்கிறார். (ஜெபமும் ஆட்டமும், சொன்னேனே.) நான் எதுவும் கேட்பதற்கு முன் கருவியைக் குப்புறக் கவிழ்த்து அடிவயிற்றைக் காட்டினார். பளபளவென்று வரிசையாகக் கம்பிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சின்ன நைலான் திருகு. ஒரு கம்பியில் விரலை வைத்து, "இது மூணாவது தந்தி, இதுதான் என்னைச் சாகடிக்கிறது" என்றார். மயிரைப் போல மெல்லிய தந்தி, பெடல் அழுத்தும்போதெல்லாம் இழுபட்டு இழுபட்டு அறுந்துகொண்டே இருக்குமாம். சட்டைப் பையிலிருந்து ஒரு கவர் எடுத்தார், உள்ளே அந்த ஒரு தந்தி மட்டும் பத்துப் பதினைந்து. முழு செட் வாங்குவதில்லை, இதை மட்டும் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறார். ஒடிந்த ஒரு நெம்புகோலுக்குப் பட்டறைக் காலத்து இரும்பிலிருந்து தானே அறுத்து, அரம் போட்டு ஒன்று செய்து மாட்டியிருந்தார், அசலைவிட அழகாக இருந்தது. அப்புறம் நிமிர்த்தி வைத்து வாசித்தார். வலது உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி, முந்தின சுரத்தை நிறுத்திவிட்டு அடுத்த சுரத்தைத் தொடுகிற அந்தச் சின்ன அசைவை ரெக்கார்டில் எத்தனை முறை கேட்டாலும் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

விழாவுக்கு வர ஒத்துக்கொண்டார். கூப்பிட நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம்: கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும், சமதளத் தரை வேண்டும், பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, வெயிலில் நின்ற காரிலிருந்து இறக்கினால் சுருதி சேர்க்க நேரம் கொடுக்க வேண்டும். சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்கள் ஆள் அதை ஏதோ கீபோர்டு என்று நினைத்து, பாடகர் பாடும்போதெல்லாம் குறைத்துக்கொண்டே வந்தார். லேப்டாப்பில் ஸ்டீல் டிராக்கை மட்டும் மூடிவைக்கச் சொன்னதற்கு அதில் தனித் தடமே இல்லை என்றார்கள், முழு லேப்டாப்பையும் மூடினோம். பேண்ட் பையன்கள் முதல் இரண்டு பாட்டுக்குத் தடுமாறினார்கள். மூன்றாவது பாட்டில் பாடகர் ஒரு வார்த்தையை நீட்டிப் பார்த்தார், பெரியவர் காத்திருந்து அப்புறம் புகுந்தார். அதற்குப் பிறகு பையன் நீட்டாத வார்த்தை கிடையாது. அத்தைகள் எல்லாம் எழுந்து ஆடினார்கள்.

சார்லி பிரைட் பாட்டு மூன்று முடிந்ததும் மாமா மைக்கைப் பிடுங்கி, "இப்போ என் பாட்டு" என்று ஜிம் ரீவ்ஸ் கேட்டார். பெரியவர் இரண்டு விரல் நகங்களையும் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "இந்தப் பாட்டில் ஸ்டீல் கிடையாது" என்றார், சர்வ சாதாரணமாக. பாட்டு முடியும் வரை தொடவே இல்லை, தலையை மட்டும் ஆட்டி ரசித்தார்.

மாமாவுக்கு அதில் இன்னும் கோபம். "அவ்வளவு காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்து, என் பாட்டுக்குச் சும்மா உட்கார வெச்சிட்டியே மாப்பிள்ளை" என்று போன ஞாயிற்றுக்கிழமைகூடச் சொன்னார். அடுத்த மாதம் விவசாயிகள் கூடத்து நடனத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போகிறேன், பெரியவரிடம் நேரடியாகவே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.